முதல் அரியருக்கு முன்பே கேளுங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டிவிடு. எனக்கு அதில்தான் சந்தேகம். நான் கவனித்தவரை, படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலரும் பல்லைக் கடித்தவர்களே, வாயைத்தான் திறக்கவில்லை. பணச் சுமை இன்று ஓரளவு குறைந்திருக்கிறது. 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் தமிழ் வழியில் படித்தவர் முதல் செமஸ்டர் கணக்கை ஆங்கிலத்தில் கேட்டுத் திணறுவதற்கு, எழுந்து கேட்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கேட்பதற்கும் காலம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40 மாதக்கணக்கில் சேர்வது. ஸ்டடி லீவில் விடிய விடியப் படித்தாலும் திரும்பாது. ஆகவே முதல் இன்டர்னல் விடைத்தாள் கைக்கு வந்த வாரமே ஆசிரியரிடம் எடுத்துப் போய், எந்த வரியில் மதிப்பெண் போனது என்று கேளுங்கள். சீனியரிடம் பழைய கேள்வித்தாள் வாங்கி, அறையில் இருவராக உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் ஒட்டிக்கொள்பவரே நிலைக்கிறார் என்று அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே எழுதினார்.

எல்லாவற்றையும் கேட்டால் சொந்தக் காலில் நிற்பது எப்போது என்பார்கள். நகரத்துப் பிள்ளையும் கேட்டுத்தான் படிக்கிறது. அப்பாவிடமும் அக்காவிடமும் வீட்டுக்குள் கேட்பதால் நம் கண்ணில் படுவதில்லை. முதல் பட்டதாரியின் வீட்டில் அதற்கு ஆளில்லை, அவ்வளவே வித்தியாசம். அடிக்கடி ஊருக்கு ஓடுவது பலவீனம் என்று சொல்வதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். மக்காச்சோள அறுவடைக்கு ஆள் தேவைப்படும் வீட்டை மறந்துவிட்டு யாரும் நிம்மதியாகப் படிக்க முடியாது. போய் வாருங்கள், ஆனால் பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லை, பஸ்ஸை நம்பித்தான் திரும்ப வேண்டும். திங்கள் காலை வகுப்பு தவறினால் 75 சதவீத வருகைப்பதிவில் கை வைத்ததாகிவிடும். ஞாயிறு மாலையே கிளம்புங்கள். பெற்றோரும் போனில் ‘சாப்பிட்டியா’ என்பதோடு, ‘இந்த வாரம் யாருகிட்ட என்ன சந்தேகம் கேட்ட’ என்றும் விசாரிக்கலாம். அதற்குப் பெற்றோர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.