இரண்டு அளவும் சரி, பொருள் சரியா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் மோட்டார் வாகனங்களும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கே எஃகுத் தண்டுகள் வார்க்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். நீளம் கூடினால் எடையும் கூடும் அல்லவா? ஒரு தண்டின் நீளம் சராசரியைவிட 1.5 திட்ட விலக்கம் அதிகம்; எடையோ 1.5 திட்ட விலக்கம் குறைவு. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்குள்தான். ஆனால், நீண்ட தண்டு எடை குறைவானேன்? உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம். ஓடும் வண்டியில் அது முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தகைய பொருளைக் காட்டிக்கொடுக்கும் அளவை 1936-இல் வகுத்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். இவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். மக்கட் குழுக்களின் உடல் அளவுகளை ஒப்பிடும் ஆய்வில் பிறந்தது இந்த அளவு.

நீளத்தின் விலகல் அ, எடையின் விலகல் ஆ, ஒட்டுறவுக் கெழு ர எனில்,

தொலைவின் வர்க்கம் = (அ² + ஆ² − 2 × ர × அ × ஆ) ÷ (1 − ர²)

ர = 0.8 என்க. இரு விலகலும் +1.5 ஆனால் விடை 2.5. ஒன்று +1.5, மற்றது −1.5 ஆனால் விடை 22.5! இருமாறி இயல்நிலைப் பரவலில் இவ்வளவு விலகிய தண்டு ஏறத்தாழ 77,000-இல் ஒன்றுதான் வரும்.

ஆனால் அளவுகள் உண்மையிலேயே அந்தப் பரவலில்தான் அமைந்துள்ளனவா? இதையும் சோதிக்க வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவை முன்பே தெரியும் என்க. குருட்டாம்போக்கில் 200 தண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொலைவின் வர்க்கத்தைக் கணக்கிடுங்கள். 0.575, 1.386, 2.773 என்னும் எல்லைகளால் அவற்றை நான்கு பிரிவாக்கினால், பிரிவுக்கு 50 தண்டுகள் வர வேண்டும். வந்தவை 62, 38, 38, 62 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரிவிலும் வேறுபாடு 12. அதன் வர்க்கத்தை 50-ஆல் வகுத்து, நான்கையும் கூட்டினால் 11.52. இது கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை. வரையின்மைப் படி 3-க்கு, 5 சதவீத மட்டத்தில் எல்லை 7.81. நம் விடை அதைத் தாண்டிவிட்டது, பரவல் பொருந்தவில்லை. ஆகவே 77,000 என்ற கணக்கையும் நம்ப இயலாது. இரண்டு எந்திரங்களின் தண்டுகள் கலந்திருக்கலாம். காரணத்தைத் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: விடை எல்லைக்குள் இருந்தால் பரவல் நிரூபணமாகிவிட்டது என்று பொருளல்ல, மறுக்கச் சான்று கிடைக்கவில்லை என்பதே பொருள். மேலும், இச்சோதனை தொலைவை மட்டுமே பார்க்கிறது. எந்தத் திசையில் விலகல் என்பதைப் பார்ப்பதில்லை.

பயிற்சி: நான்கு பிரிவுகளிலும் 48, 55, 45, 52 தண்டுகள் இருந்தால் பரவல் பொருந்துகிறதா? (விடை: 1.16, மறுக்கக் காரணம் இல்லை.)