கழற்றுவது சுலபம், மாட்டுவது?

கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டி முடித்தபின் கையில் ஒரு ஸ்குரு மிச்சமிருந்தால்தான் முழி பிதுங்கும். ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரோடு பட்ட பாடு போதாதென்று, என்.சி.சி. முகாமில் .303 ரைபிளோடும் பட்டேன்.

"கோல்னா-ஜோட்னா" வகுப்பு. நானும் பக்கத்துக் கேடட்டும் ஒரே கிரவுண்ட் ஷீட்டில் இரண்டு நம்பர் 4 ரைபிள்களைக் கழற்றினோம். மேகசின், போல்ட், போல்ட் ஹெட் எல்லாம் கலந்துவிட்டன. எண்ணிக்கை சரியாக இருக்கவே மாட்டியும் விட்டோம். ஹவில்தார் போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் பார்த்தார். "தம்பி, பாடி நம்பர் என்ன, போல்ட் நம்பர் என்ன?" இரண்டும் வேறு வேறு!

இந்த ரைபிளின் போல்ட் ஹெட் 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வரும். நீள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே, தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடம் 0.064 அங்குல கேஜை ஏற்க வேண்டும்; 0.074 கேஜை ஏற்கக் கூடாது. மெட்ராலஜி லேபில் நாம் பார்த்த கோ, நோ-கோ கேஜேதான்! இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டாக் கூடு கிழிந்து, வாயு சுடுபவன் முகத்துக்கே திரும்பலாம்.

இப்போதெல்லாம் அறை காலியா என்று பார்த்த பிறகுதான் கை வைப்பேன். ஒரு துணிக்கு ஒரு ரைபிள். கழற்றிய வரிசையில் இடமிருந்து வலம் வைத்தால், மாட்டும்போது வலமிருந்து இடம் எடுத்தால் போதும். போல்ட் ஹெட் அதன் போல்ட்டை விட்டு நகரக் கூடாது. எக்ஸ்ட்ராக்டர் ஸ்ப்ரிங் இருக்கிறதே, புல்லில் விழுந்தால் அம்போதான்! அது ஆர்மரர் வேலை, நாம் தொடுவதில்லை.

அன்று? ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருவரும் மைதானத்தை 2 சுற்று ஓடினோம்.