கத்திரி வெயிலில் 200 கி.மீ.

கேள்வி: மே மாத 200 கி.மீ. பிரெவே சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வெயிலில் முடிக்க முடியுமா?
– வாசகர், அஸ்தினாபுரம்

பதில்: தாராளமாக முடியும், பழக்கம் இருந்தால். பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். வெயிலுக்கென்று ஒரு நிமிடம்கூடக் கூடுதல் கிடையாது. ஆனால் இது பந்தயமல்ல, முந்தி வந்தாலும் பரிசில்லை. விடியுமுன் புறப்பாடு என்றால், தார் தகிக்குமுன் பாதித் தூரத்தைத் தாண்டப் பாருங்கள். உச்சிவேளையில் நிழல் தேடி உட்காருங்கள். பிடரியில் ஈரத்துண்டு இருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறையும், ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட மோரோ அவசியம். தலை சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். பேச்சு குழறினால் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லி, 108-ஐ அழைக்க வேண்டும். இதை உடன் வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.