வண்ணாரின் துறையும் தாவீதின் விண்ணப்பமும்

கர்த்தர் தமது ஜனத்தைச் சுத்திகரிக்க வருவதை மல்கியா தீர்க்கதரிசி இரண்டு தொழில்களுக்கு ஒப்பிடுகிறார் (மல். 3:2). ஒன்று புடமிடுகிறவனின் அக்கினி. மற்றொன்று வண்ணாரின் சவுக்காரம். அக்கினியைக் குறித்துப் பிரசங்கங்கள் ஏராளம். பொன்னும் வெள்ளியும் பேசுவதற்கு அழகானவை. சவுக்காரமோ பெரும்பாலும் வாசித்துக் கடந்துபோகப்படுகிறது.

வேதாகம நாட்களில் வண்ணாரின் வேலை அழுக்குத்துணி வெளுப்பதோடு முடிந்ததல்ல. தறியிலிருந்து இறக்கிய ஆட்டுமயிர்த் துணியில் கொழுப்பும் பிசுக்கும் ஒட்டியிருக்கும். அதை உவர்மண்ணோ, செடிகளை எரித்த சாம்பலோ கலந்த நீரில் ஊறவைத்து, காலால் மிதித்து, கட்டையால் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள். நாற்றம் மிகுந்த தொழில் ஆதலால் அது நகரத்துக்குப் புறம்பே நடந்தது. ஏசாயா ஆகாஸ் ராஜாவைச் சந்தித்ததும் (ஏசா. 7:3), கி.மு. 701-ல் அசீரியனின் தூதன் நின்று எருசலேமை நிந்தித்ததும் (36:2) அந்த வண்ணார் துறையின் வழியிலேதான்.

எபிரெயத்தில் உடலைக் கழுவுவதற்கு ஒரு சொல்லும், துணியை வெளுப்பதற்கு 'காபாஸ்' என்னும் வேறொரு சொல்லும் உண்டு. வண்ணாரின் பெயரும் இந்த வேரிலிருந்தே வருகிறது. 51ஆம் சங்கீதத்தின் 2, 7 வசனங்களில் தன்னைக் கழுவும்படி கேட்கும் தாவீது எடுத்தாள்வது இந்தத் துணி வெளுக்கும் சொல்லையே.

அதற்கு முன் அவன் தன் கறையைத் தானே மறைக்கப் பார்த்தான். உரியாவை யுத்தகளத்திலிருந்து வரவழைத்தான், வீட்டுக்குப் போகச் சொன்னான், வெறிக்கச் செய்தான். ஒன்றும் பலிக்காமற்போகவே, அவன் சாவுக்கான நிருபத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான். பின்பு பத்சேபாளை மனைவியாக்கிக்கொண்டான். வெளிப்பார்வைக்கு வஸ்திரம் சுத்தமாகவே தெரிந்தது. உவர்மண்ணையும் சவுக்காரத்தையும் மனிதன் தானே எவ்வளவு கையாண்டாலும் போகாத கறை ஒன்று உண்டென்று எரேமியா பிற்காலத்தில் சொன்னது (எரே. 2:22) இத்தகையதையே.

நாத்தான் வந்தபின் தாவீது கேட்டது மேலெழுந்தவாரியான அலசலை அல்ல. நூலுக்குள் இறங்கிய கறையோடு, மிதிபடும் துணியாகத் தன்னை ஒப்புக்கொடுத்தான். மன்னிப்பு அன்றே அறிவிக்கப்பட்டது (2 சாமு. 12:13). ஆயினும் பிள்ளை மரித்தது. பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகவில்லை. மன்னிக்கப்பட்டவன் ஏன் இவ்வளவு மிதிபட வேண்டும்? வண்ணார் அடிப்பது கறையையே, துணியை அல்ல என்று சொல்லிவிடலாம். பிள்ளையைப் புதைத்த தகப்பனுக்கு அது போதுமான பதிலன்று. வேதமும் அவனுக்கு அப்படி விளக்கம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. வேண்டாமென்று எறிந்த துணியை யாரும் மிதிப்பதில்லை.

மறுரூப மலையில் இயேசுவின் வஸ்திரம் பிரகாசித்ததை மத்தேயு வெளிச்சத்துக்கு ஒப்பிடுகிறார். மாற்கு ஒருவரே, பூமியின் எந்த வண்ணாராலும் அவ்வளவு வெண்மையாக்க இயலாது என்று எழுதுகிறார் (9:3). பரலோக மகிமையை அளக்க அவர் எடுத்த அளவுகோல், நகரத்துக்குப் புறம்பே நடந்த அந்தத் தொழிலே. மலையிலிருந்து இறங்கியவர் எருசலேமுக்குப் போனார். அங்கே அவருடைய வஸ்திரங்களைச் சேவகர் பங்கிட்டுக்கொண்டார்கள். அவரோ நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் (எபி. 13:12).