உள்ளலங்கார வேலையும் எக்செல் ஷீட்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உள்ளலங்கார வேலையில் கொட்டேஷனில் போட்ட தொகையும் கடைசியில் கொடுத்த தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வித்தியாசம் எங்கே வந்தது என்பதை எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டுமே துல்லியமாகக் காட்டும். ஆனால் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தவிடாமல் சில நம்பிக்கைகள் தடுக்கின்றன.

நம்பிக்கை: ஒரு ஃபிளாட் வேலைக்கு ஷீட் எதற்கு? வாட்ஸ்அப் போதும்.

உண்மை: வாட்ஸ்அப்பில் பேச்சு இருக்கும்; முடிவு அதற்குள் புதைந்துவிடும். அலமாரி லேமினேட்டின் நிறம் மூன்று முறை மாறினால், கடைசியாக எது முடிவானது என்று ஆசாரிக்கு எப்படித் தெரியும்? ஒரு பொருளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அளவு, பிராண்டு, நிற எண், விலை, முடிவெடுத்தவர், தேதி எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கட்டும்.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் கூட்டினால் தப்பே வராது.

உண்மை: விலைக் கட்டத்தில் ‘45000 ரூபாய்’ என்று டைப் செய்தால் அது எண் அல்ல, எழுத்து. கூட்டல் சூத்திரம் அதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். கட்டத்தில் எண்ணை மட்டும் போடுங்கள். ‘ரூபாய்’ தலைப்பில் இருக்கட்டும். சூத்திரம் எல்லா வரிகளையும் சேர்க்கிறதா என்றும் பாருங்கள். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள் 2010-இல் வெளியிட்ட கடன் ஆய்வில்கூட, சராசரி எடுத்த சூத்திரத்தில் 5 நாடுகளின் வரிகள் விடுபட்டிருந்தன. 2013-இல்தான் அது வெளியே தெரிந்தது.

நம்பிக்கை: சதுர அடியும் ரேட்டும் தெரிந்தால் கணக்கு முடிந்தது.

உண்மை: எதை அளந்தார்கள் என்பதில்தான் பணம் இருக்கிறது. 7 அடி உயரம், 6 அடி அகலம் உள்ள அலமாரியின் முன்பக்கம் 42 சதுர அடி. மேலே 2 அடி லாஃப்ட் சேர்ந்தால் 54. சதுர அடி 1,500 ரூபாய் என்று பேசியிருந்தால் வித்தியாசம் 18,000 ரூபாய். லாஃப்டுக்குத் தனி வரி வேண்டும்.

டைல்ஸும் அப்படித்தான். 12-க்கு 10 அடி அறைக்கு 10 சதவீதம் சேதாரம் சேர்த்து 132 சதுர அடி வேண்டும். 600 மில்லிமீட்டர் சதுரக் கல் நான்கு கொண்ட பெட்டி சுமார் 15.5 சதுர அடிக்கு வரும். வகுத்தால் எட்டரைப் பெட்டி. வாங்க வேண்டியது ஒன்பது. பிறகு ஒரு பெட்டி குறைந்தால் அதே பேட்ச் கிடைக்காமல் நிறம் மாறித் தெரியலாம்.

நம்பிக்கை: விலை மாறினால் பழையதை அழித்துப் புதியதைப் போட்டால் போதும்.

உண்மை: அழித்த இடத்தில்தான் சண்டை முளைக்கும். பேசிய தொகை, கூடுதல் வேலை, கொடுத்த பணம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரர், டிசைனர், ஆசாரி மூவரும் ஒரே ஷீட்டைப் பார்த்தால் கூடுதல் வேலைக்கான கூலியை ஆசாரி தயங்காமல் கேட்கலாம். வீட்டுக்காரரும் சந்தேகமில்லாமல் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாற்றம் பேசிய அன்றே ஷீட்டில் ஏற வேண்டும்.