நாக்கிங் நின்ற காரைத் திருப்பிக் கொடுக்கும் முன்

மோகனூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேனர் கிராஃபையும் ஸ்பார்க் பிளக் படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன்.

கொல்லிமலை ஏறும்போது நாக்கிங் என்று வந்த டர்போ காருக்கு ஸ்பார்க் டைமிங்கைக் குறைத்தாய், 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றச் சொன்னாய், சத்தம் நின்றது, ஓனருக்கும் சந்தோஷம். எனக்குத் திருப்தி இல்லை. ஸ்பார்க் மூட்டிய தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிக்கிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நீ பார்க்கவே இல்லையே! 1921ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் இந்தச் சத்தத்தை அடக்கும் என்று கண்டுபிடித்தார். பெட்ரோலில் கலந்த அந்த ஈயத்தை நம் நாடு 2000ல்தான் ஒழித்தது. மருந்தூற்றி அடக்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

நாமக்கல் பட்டறைகளில் லாரி டீசலோடு காலம் தள்ளியவன் நான். டீசலில் கடகடப்பு பிறவிக் குணம், யாரும் பயப்பட மாட்டார்கள். பெட்ரோல் டர்போவில் அதே சத்தம் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பை உடைத்துவிடும். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அதிர்வைக் கண்டதும் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு தானாகவே டைமிங்கைப் பின்னே தள்ளும். ஓனருக்குத் தெரிவது 'பிக்கப் கொஞ்சம் கம்மி' என்பது மட்டும்தான். காதுக்குக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது என்றால், ஈசியு தன்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள். அதற்கு மேல் நீயும் டைமிங்கைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் வறுக்கும்.

கிராஃபை சிலிண்டர் வாரியாகப் பிரித்துப் பார். ஒரே சிலிண்டரில் மட்டும் டைமிங் விழுந்தால் அந்த இன்ஜெக்டர், அந்த பிளக், அங்கே படிந்த கார்பன் என்று தேடு. நான்கிலும் சேர்ந்து விழுந்தால் காற்றின் சூடு, பெட்ரோல், பூஸ்ட் என்று பொதுக் காரணம்தான். லோடே இல்லாதபோதும் ஒரே ஆர்பிஎம்மில் விழுந்தால் முதலில் பிராக்கெட் போல்ட்டுகளை முறுக்கிப் பார். லூஸான தகரம் சென்சாரை ஏமாற்றிவிடும்.

செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் விரட்டினால் ஒன்றும் இல்லை, மலையில்தான் வருகிறது என்று ஓனர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டாய். உன் கையில் இருக்கும் பெரிய தடயமே அதுதான். பெட்ரோல் மட்டமாக இருந்தால் ட்ராக்கிலும் கத்தியிருக்கும். ஃபியூயல் பம்ப் அழுத்தம் குறைந்திருந்தாலும் முழு வேகத்தில்தான் முதலில் மாட்டும். எனவே மலைக்கும் ட்ராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேள்.

ஒன்று, காற்றோட்டம். 35 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினாலே சூடு 100 டிகிரியைத் தாண்டும். அதை ஆற்றுவது இன்டர்கூலர். 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து போகும்போது அதற்குக் காற்று எங்கே? ரேடியேட்டர் ஃபேன் இரண்டாவது வேகத்தில் சுற்றுகிறதா, கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறதா பார். ஹோஸ் கிளாம்ப்பையும் விடாதே. பைப்பில் ஓட்டை விழுந்தால் கிணற்று மோட்டார் அதிக நேரம் ஓடிச் சூடாவதுபோல, பூஸ்ட் கசிந்தால் டர்போவும் அதே அழுத்தத்துக்கு அதிகமாகச் சுற்றிக் காற்றை இன்னும் சுட வைக்கும்.

இரண்டு, கீழ் ஆர்பிஎம். கியரைக் குறைக்காமல் 1500ல் ஆக்சிலரேட்டரை அமுக்கி ஏறுகிறவர்கள் நிறைய. அங்கேதான் சிலிண்டர் சுவரிலிருந்து தெறித்த ஆயில் துளி ஸ்பார்க்குக்கு முன்னாலேயே தீப்பற்றும். அது கடகடக்காது, ஒரே அடியாக 'டங்'கென்று விழும். இதற்கு டைமிங் குறைப்பது வீண், ஸ்பார்க்கே இன்னும் வரவில்லையே! கால்சியம் அதிகமுள்ள ஆயில் இதைத் தூண்டும் என்று கண்டுபிடித்தார்கள், 2020ல் வந்த ஏபிஐ எஸ்பி ஆயில் தரம் இதையும் கணக்கில் எடுத்தது. இன்ஜினில் என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்டாயா? இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் விரல் விட்டுப் பார்.

எல்லாப் பழியையும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் மேல் போடும் பேச்சு இங்கேயும் உண்டு. கரும்பு விளையும் ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, எத்தனால் ஆக்டேனை ஏற்றவே செய்யும். ஆனால் நெடுநாள் நின்ற டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு அடியில் இறங்கி, மேலே நிற்கும் பெட்ரோல் மட்டமாகிவிடும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் தெரிந்துபோகும். ரீமேப் செய்த கார் என்றால் இன்ஜெக்டருக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பதும் கேள்வி, எத்தனாலுக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

பிளக் படம் மங்கல். பீங்கானில் அலுமினியத் துகள் பளபளக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார். இருந்தால் பிஸ்டன் உதிரத் தொடங்கிவிட்டது, போரோஸ்கோப் விடாமல் ஸ்டார்ட் செய்யாதே.

கடைசியாக ஒன்று. சத்தம் நின்றதா என்று நீ ஓட்டிப் பார்த்தது அவினாசி சாலையில். அங்கே ஏது மலை? பிளக் சுத்தமாக இருந்தால், டைமிங்கைப் பழையபடி வைத்து, சாதா பெட்ரோல் ஊற்றி, ஸ்கேனரோடு கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்துக்கு வா. நானும் வருகிறேன். அதுவரை ஓனரிடம் சாவியைக் கொடுக்காதே.

உன் மாமா