முதல் பிழையைத் தேடுவோம்



ஐங்கோட்டு இசைத்தாளைக் கணிப்பொறியில் அமைக்க உதவும் இலவச மென்பொருள் 'லிலிபாண்ட்'. ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் என்னும் டச்சுக்காரர் இருவர் 1996-இல் இதைத் தொடங்கினர். இதில் நாம் சுரங்களை வரைவதில்லை. எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறோம். மென்பொருள் அவற்றை இசைத்தாளாக மாற்றித் தருகிறது.

கிறிஸ்துமஸ் பாடலின் ஆல்டோ குரலை நான் அமைத்தபோது, இரண்டாம் வரி முழுவதும் யாரும் பாட முடியாத உயரத்தில் நின்றது. பத்துச் சுரங்களைத் திருத்தியும் குழப்பமே மிகுந்தது. காரணம் என்ன? 'ரிலேட்டிவ்' முறையில் ஒவ்வொரு சுரமும் தனக்கு முந்திய சுரத்தை ஒட்டியே இடம் பெறும். வரித் தொடக்கத்தில் ஒரு மேற்குறியை நான் கூடுதலாக இட்டிருந்தேன். அதை அழித்ததும் வரி முழுவதும் இறங்கியது!

கால அளவும் இப்படியே. 2 என்பது அரைச் சுரம். 4 என்பது கால் சுரம். எண் இடாத சுரம் முந்திய சுரத்தின் அளவையே ஏற்கும். அரைச் சுரத்துக்குப் பின் 4 இட மறந்தால், அடுத்து வருபவையும் அரைச் சுரங்களாகி, நான்கு சுரங்கள் எட்டுத் தட்டுகளாக நீளும். ஆகவே ஒவ்வொரு 'பார்' முடிவிலும் ஒரு செங்குத்துக் கோடு இடுங்கள். கணக்குத் தவறினால் மென்பொருள் வரி எண்ணுடன் எச்சரிக்கும்.

நெளிவு அடைப்பை மூட மறந்தாலோ, பிழை கோப்பின் இறுதியில் இருப்பதாகச் செய்தி வரலாம். உண்மைப் பிழை மேலே எங்கோ இருக்கும்.

எனவே தோழியரே, பிழை தெரியும் இடத்தையன்றி அது தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். செங்குத்துக் கோடு காலத்தைத்தான் எண்ணும். சுரத்தின் உயரத்தை அறியாது. அச்சிடுமுன் ஒருமுறை பாடிப் பார்த்துவிடுங்கள்!